வீட்டுக் கோழிகளும் அவிழ்ந்து திரியும் நாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லைப்புறத்தில் பத்தோ இருபதோ கோழி வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. பெரிய பண்ணை என்றால் மதில் இருக்கும், காவலுக்கு ஆள் இருக்கும். நம்மிடம் இருப்பது ஒரு கூண்டும் கொஞ்சம் கம்பி வலையும்தான். வருவது தெருநாயா, பக்கத்து வீட்டு நாயா, நம் வீட்டு நாயேவா என்பது கோழிக்கு ஒரு பொருட்டே இல்லை. அவசரமான கேள்விகளை முன்னால் வைத்திருக்கிறேன்.

நாய் இப்போது கோழிகளுக்கு நடுவில் நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் அது வெளியே ஓட வழி விடுங்கள். கதவை அகலத் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து விரட்டுங்கள். மூலையில் மடக்கப்பட்ட நாய் உங்கள் மேல்தான் பாயும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுவதும், தகரத்தைத் தட்டிப் பெரிய சத்தம் எழுப்புவதும் தடியைவிட நன்றாக வேலை செய்யும். துரத்தும் வெறியில் இருக்கும் நாயை அடித்தால் அது சட்டென்று திரும்பிக் கடித்துவிடும். அதன் வாயில் கோழி இருந்தால் கை நீட்டி இழுக்க வேண்டாம். கழுத்துப் பட்டையைப் பிடிக்கவும் வேண்டாம். உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகையோ கூடையோ இருக்கட்டும். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

நாய் வெளியேறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கதவைச் சாத்துவது. கோழிகளை எண்ணுவதெல்லாம் அப்புறம். ஏனென்றால் நாய் திரும்பி வரும். சில சமயம் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும்.

விரட்டும்போது என்னைக் கடித்துவிட்டது. சின்னக் கீறல்தான்.

கீறல் சின்னது என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கழுவியதும் நேராக மருத்துவரிடம் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு அதற்கு வைத்தியம் கிடையாது. கோழிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடிபட்ட கோழிக்கு ரேபிஸ் வருமா?

ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். கோழியிடமிருந்து உங்களுக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கடிபட்ட இறகில் நாயின் எச்சில் ஈரமாக ஒட்டியிருக்கும். உங்கள் கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு தூக்குங்கள்.

வந்தது நாய்தான் என்று எப்படிச் சொல்வது? நான் பார்க்கவில்லை.

நாய் வந்துபோன இடம் போர்க்களம் மாதிரி இருக்கும். இறகு எங்கும் சிதறியிருக்கும், கோழிகள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும், பெரும்பாலும் எதையும் தின்றிருக்காது. கடி முதுகிலும் தொடையிலும் வால்பக்கத்திலும் விழுந்திருக்கும், ஏனென்றால் ஓடும் கோழியைப் பின்னாலிருந்து கவ்வுகிறது. வலை கிழிந்திருந்தாலோ, வேலிக்கு அடியில் அகலமாகப் பள்ளம் பறித்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

நரி அப்படியில்லை. முடிந்தவரை கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சில இறகும் ஒரு கோழிக் குறைவும்தான் மிஞ்சும். கீரி மாதிரிச் சின்ன வேட்டைப் பிராணிகள் கழுத்திலும் தலையிலும் கடிக்கும். பருந்து வகைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து இறகைப் பிடுங்கித் தின்னும், அதனால் இறகு ஒரு வட்டமாகக் குவிந்திருக்கும். குஞ்சும் முட்டையும் மட்டும் சுவடே இல்லாமல் காணாமல் போனால் பாம்பை நினையுங்கள்.

ஈர மண்ணில் கால்தடத்தையும் பாருங்கள். நாயின் தடத்தில் நான்கு விரலோடு நகத்தின் குத்தும் தெரியும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் அது தெரியாது. நிலத்தைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன்னால் இதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

தின்னவே இல்லை. பிறகு ஏன் அத்தனையையும் கொன்றது?

என்னிடம் வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். பசித்த நாய்தான் கோழியைப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, நாய்க்குச் சோறு போட்டுச் சமாதானம் தேடுபவர்கள் நிறையப் பேர். வயிறு நிறைந்த நாயும் கோழியைத் துரத்தும்.

வேட்டை என்பது பல படிகள் கொண்ட ஒரு சங்கிலி: இரையைப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுதாக இருக்கிறது. மனிதன் நாயை இனம் பிரித்து வளர்த்தபோது சில கண்ணிகளை வலுவாக்கினான், சிலவற்றை மங்கச் செய்தான். ஆடு மேய்க்கும் நாய்க்குப் பதுங்குவதும் துரத்துவதும் ரத்தத்திலேயே இருக்கும், கொல்வது மங்கிப்போயிருக்கும். சுட்ட பறவையை எடுத்துவரும் வேட்டைநாய் கவ்வுவதோடு நின்றுவிடும். எலி பிடிக்க வளர்த்த சின்ன நாய்களுக்கோ கவ்வி உதறிக் கொல்வதுதான் உச்சம். கொன்றதும் அதை விட்டுவிட்டு அடுத்ததிடம் போகும்.

இப்போது கோழியின் பக்கம் பாருங்கள். ஒரு கோழி செத்ததும் மற்றவை அடங்கி உட்கார்ந்துவிடுவதில்லை. கூவிக்கொண்டு, சிறகடித்துக்கொண்டு, கூண்டுக்குள் இங்குமங்கும் ஓடும். ஒவ்வோர் ஓட்டமும் சங்கிலியை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவைக்கிறது. அசைவு நிற்கும்வரை நாயும் நிற்காது. இரண்டு நாய்கள் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். தனியாக வந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும் நாய்கூட, கூட்டாளி இருந்தால் உள்ளே வந்துவிடும்.

ஒரு தடவை ரத்த ருசி கண்ட நாய் திருந்தாது என்கிறார்களே?

பாதி சரி. ஆனால் காரணம் ரத்தம் இல்லை, துரத்துவதில் கிடைக்கும் இன்பம். வெளியிலிருந்து யாரும் பரிசு கொடுக்க வேண்டியதில்லை, துரத்துவதே பரிசு. முதல் தடவை ஜெயித்த நாய் அந்த இடத்தையும் நேரத்தையும் நுழைந்த வழியையும் நினைவில் வைத்திருக்கும். அதனால்தான் முதல் வெற்றியே கிடைக்காமல் செய்வது அவ்வளவு முக்கியம். கிடைத்துவிட்டதா, அதே வழியை அன்றைக்கே அடையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சாக்குப்பையை அடைத்துவைத்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் விடியற்காலையில் மிச்சமிருந்த நாலு வெடைக்கோழியும் போனது.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்தும் என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. நாய்க்குப் புழு வரும், உங்களுக்கு நாற்றம் வரும். வேறொன்றும் நடக்காது.

கோழி உயிரோடு இருக்கிறது, ஆனால் காயம். பிழைக்குமா?

பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும் பல காயங்களிலிருந்து கோழி எழுந்துவிடும். முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்த கோழி இரண்டு மாதத்தில் இறகு முளைத்து நடமாடியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத காயமே ஆபத்து. நாயின் பல் தோலில் ஊசித்துளை போல இறங்கும், அடியில் சதை நசுங்கியிருக்கும், கிருமி உள்ளேயே தங்கிவிடும். அதிர்ச்சியால் முதல் ஒரு நாளுக்குள் சாவதும் சகஜம்.

முதலில் கோழியை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். கோழிகள் ரத்தம் கண்டால் கொத்தும். நேற்றுவரை கூடத் தூங்கிய கோழியே கொத்தும். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் சத்தமில்லாத இடத்திலும் வையுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்று, கோழி படபடப்பு அடங்கிய பிறகு காயத்தைக் கழுவலாம். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போதும். சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள், பிடுங்காதீர்கள். அப்புறம் போவிடோன் அயோடினைப் பால் விடாத தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து தடவலாம். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுவது வேண்டாம், ஆறிவரும் சதையையும் அது அரித்துவிடும்.

தண்ணீரை அருகில் வையுங்கள். தலை தொங்கிக் கிடக்கும் கோழியின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். குடித்த தண்ணீர் மார்புப் பக்கம் கசிந்தால் கழுத்தடியில் தீனி தங்கும் பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், கால்நடை மருத்துவர் தைக்க வேண்டும். தோலுக்கு அடியில் பலூன் மாதிரிக் காற்று உப்பினால், பறவைகளின் உடம்பெங்கும் பரவியிருக்கும் காற்றுப்பையில் ஒன்று ஓட்டையாகியிருக்கலாம். அதையும் மருத்துவரே பார்க்கட்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரையையும், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டு வாருங்கள்.

ஈ மொய்க்கும் காலமாக இருந்தால் காயத்தைத் தினமும் இருமுறை பாருங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலடியில் இறகுக்குள் மறைந்திருக்கும் காயத்தில்தான் அது பெரும்பாலும் நடக்கிறது.

கால் செயலற்று, கண் மூடி, மூச்சுக்கு வாய் பிளந்து கிடக்கிறதென்றால் அதை இழுத்தடிக்காமல் வலியிலிருந்து விடுவிப்பதும் கோழி வளர்ப்பவரின் பொறுப்பே. செய்யத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு கோழியைக் காணோம். பிணமும் இல்லை.

பொறுங்கள். பயந்த கோழி புதருக்குள்ளோ விறகுக் குவியலுக்கு அடியிலோ மூச்சு விடாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றாலும் குரல் கொடுக்காது. பொழுது சாயும் நேரத்தில் தீவனப் பாத்திரத்தைக் குலுக்கிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். மறுநாள் காலையில் தானாக வந்து நின்ற கோழிகளும் உண்டு.

நாய் கடித்துச் செத்த கோழியைச் சமைக்கலாமா?

வேண்டாம். எப்போது செத்தது, உள்ளே குடல் கிழிந்திருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைத்து, மேலே கல் வையுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் அதே நாய் தோண்டி எடுக்கும்.

ராத்திரி கூண்டில் அடைக்கிறேனே, அது போதாதா?

கூண்டு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது பருந்துக்குச் சரி. நாய் ஒரே தள்ளில் உருட்டிவிடும்.

நாய் உள்ளே நுழையாமலேயே கோழி சாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளியே நாய் சுற்றி ஓடும்போது கோழிகள் எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெரிசலில் மூச்சு முட்டிச் சாகும். அல்லது வலையோடு ஒட்டி நிற்கும்போது, கண்ணி பெரிதாக இருந்தால், காலையோ தலையையோ நாய் வெளியிலிருந்தே இழுத்துவிடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கூண்டின் கீழ்ப்பாதியை, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு, பலகையோ தகரமோ வைத்து மறைத்துவிடுங்கள். காற்று மேலே போகும். நாய்க்கோ கோழியின் அசைவு தெரியாது, வேட்டைச் சங்கிலியின் முதல் கண்ணியே விழாது. எல்லா வேலையிலும் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான் என்பேன்.

எப்படிப்பட்ட வேலி நாயைத் தடுக்கும்?

எல்லோரும் வேலியின் உயரத்தைக் கேட்கிறார்கள். நான் அடியைக் கேட்பேன். நாய்கள் பெரும்பாலும் தாண்டுவதைவிட நோண்டுவதையும், மூக்கை நுழைத்து நெம்புவதையும் விரும்பும். உயரம் 5 முதல் 6 அடி இருந்தால் பெரும்பாலான நாய்களுக்குப் போதும், வேலிக்குப் பக்கத்தில் ஏறி நிற்கத் திட்டோ பெட்டியோ இல்லாதிருந்தால்.

அடிக்குச் செய்ய வேண்டியது வலையால் ஒரு பாவாடை. ஒன்றரை முதல் இரண்டு அடி அகலமுள்ள வலையை, வேலியின் அடியோடு சேர்த்துக் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, வளைத்த கம்பி முளைகளை அரையடிக்கு ஒன்றாக அடித்து இறுக்குங்கள். சில வாரத்தில் புல் அதன் ஊடே வளர்ந்து மூடிவிடும். நாய் எப்போதும் வேலி மண்ணைத் தொடும் கோட்டில்தான் நோண்டும். நகம் வலையில் மாட்டும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. குழி வெட்டி வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட இது பாதி வேலை. பாறை மண்ணில் வேறு வழியும் இல்லை.

கோழிவலை என்றே விற்கிறார்களே, அந்த அறுகோணக் கண்ணி வலை கோழியை உள்ளே வைப்பதற்கு மட்டும்தான். முறுக்கிய மெல்லிய கம்பி அது, நடுத்தர நாய்கூடப் பல்லால் இழுத்துப் பிரித்துவிடும். நாய்க்கு வெல்டு செய்த வலை வேண்டும். வாங்கும்போது கேஜ் எண்ணைக் கவனியுங்கள்: எண் கூடக் கூடக் கம்பி மெலிசு. 14 அல்லது 16 கேஜ் நல்லது. 22 என்றால் அது அறுகோண வலையின் தடிமன்தான். கண்ணி ஓரங்குலத்துக்குள் இருக்கட்டும். வலையைக் கம்பத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள், நாய் தள்ளும்போது கம்பம் தாங்கும். உள்பக்கம் அடித்தால் நாயின் பாரம் முழுதும் ஆணியைப் பிடுங்கத்தான் உதவும்.

பிறகு கதவு. வேலி முழுதும் கோட்டை மாதிரி கட்டிவிட்டு, கதவடியில் நாலு விரல் இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே ஒரு வரிசைக் கல்லாவது பதியுங்கள். தூக்கிவிடும் கொக்கியை நாய் மூக்கால் தூக்கிவிடும், கயிற்றுக் கட்டைக் கடித்துவிடும். தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு வளையக் கொண்டியோ பூட்டோ மாட்டுங்கள்.

மின்வேலி போடலாமா?

போடலாம், அதற்கென்று விற்கும் கருவியோடு மட்டும். அது ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை, மிகக் குறுகிய துடிப்பாகப் பல ஆயிரம் வோல்ட்டை அனுப்பும். சுரீர் என்று வலிக்கும், உயிரை எடுக்காது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இணைப்பது கொலைக்கருவி. நாய் மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதில் சாகும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஒரு கம்பியைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்திலும், இன்னொன்றை நாயின் மூக்கு உயரத்திலும் ஓட்டினால் நடைமுறையில் போதும். மின்வேலி வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே வடிந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாகக் கிடைக்காது, எர்த் கம்பியை ஆழமாக இறக்கிச் சுற்றிலும் ஈரம் வைக்க வேண்டும்.

மிளகாய்த்தூள், பினாயில், காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி?

மிளகாய்த்தூளும் பினாயிலும் ஒரு மழைக்குத் தாங்காது. ஒலிக் கருவிக்கும், ஆள் அசைந்தால் எரியும் விளக்குக்கும் நாய் சில நாளில் பழகிவிடும். விளக்கால் ஒரு நன்மை உண்டு: நீங்கள் விழித்துக்கொள்வீர்கள்.

சேவலோ வாத்தோ காவல் நாயோ காப்பாற்றுமா?

நல்ல சேவல் குரல் கொடுத்துப் பெட்டைகளை ஒதுக்கும், சில சமயம் எதிர்த்து நின்று முதலில் சாகும். கினிக்கோழியும் பெருவாத்தும் அலாரம்தான், ஆயுதமில்லை.

காவல் நாய் வேறு விஷயம். மந்தையோடு மந்தையாக வளரும் மரெம்மா போன்ற இனங்கள் நிஜமாகவே காக்கும். ஆஸ்திரேலியாவின் வார்ணம்பூல் அருகே மிடில் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்த சின்னப் பென்குயின்களை நரிகள் கொன்று, எண்ணிக்கை பத்துக்கும் கீழே போனது. அதே வகை நாயை வைத்துத் தன் கோழிகளைக் காத்துவந்த ஒரு பண்ணைக்காரர் யோசனை சொல்ல, 2006 முதல் மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பென்குயின்கள் பிழைத்தன. ஆனால் இந்த நாய்கள் பொறுப்பு வர ஒன்றரை இரண்டு வருடம் ஆகும், அதுவரை விளையாட்டிலேயே கோழியைக் கொல்லவும் கூடும். பத்துக் கோழிக்கு அவ்வளவு பெரிய நாயா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விஷம் வைத்தால் என்ன?

கூடாது. பல நாடுகளில் அது குற்றம். விஷச் சோறு நாயோடு நிற்பதும் இல்லை, காக்கை தின்னும், பூனை தின்னும், உங்கள் கோழியே கொத்தும். இன்னொன்றும் சொல்கிறேன்: ஒரு நாய் போனால் அந்த இடத்துக்கு வேறொரு நாய் வரும். உங்கள் வேலியில் இருக்கும் ஓட்டை அப்படியே இருக்கும்.

தெருநாய்கள் ஏன் எங்கள் வீட்டையே சுற்றுகின்றன?

கோழி அறுத்த குடலையும் இறகையும் எங்கே போடுகிறீர்கள்? செத்த குஞ்சை? அடைகாத்துப் பொரியாத கூமுட்டையை? வேலிக்கு அப்பால் வீசுகிறீர்கள் என்றால் நாய்க்கு நீங்களே அழைப்பு வைக்கிறீர்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்காகவும் நாய் வரும். கழிவைப் புதைத்து, தீவனத்தை மூடிவைத்தாலே பாதி நாய்கள் வழி மாறும். மிச்சமிருப்பவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடச் செய்யும் அமைப்புகளோ உள்ளாட்சியோ இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவதை நிறுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு.

பக்கத்து வீட்டுக்காரரின் நாய். எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

செத்த கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்காதீர்கள். எனக்குத் தெரிந்து அப்படித் தொடங்கிய எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து, படத்தோடு போங்கள். "அண்ணே, காலையில ஆறரை மணிக்கு உங்க நாய் வந்துச்சு, மூணு கோழி போச்சு, படம் எடுத்து வச்சிருக்கேன், ஒரு நிமிஷம் பாருங்க" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "என் நாய் அப்படிச் செய்யாது" என்பார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், பொய்யும் அல்ல. அவர் வீட்டில் அது குழந்தையோடு படுத்துத் தூங்கும் நாய்தான். அவரிடம் என்ன வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள்: விடியலிலும் மாலையிலும் கட்டிவைப்பதா, வேலிச் செலவில் பங்கா, கோழியின் விலையா. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

இரண்டாம் தடவையும் நடந்தால் தேதி, நேரம், சேதம் எல்லாவற்றையும் எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அவருக்கும் உள்ளாட்சிக்கும் கொடுங்கள். நாய் செய்த சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பு என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. விவரம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் நாய்மேல் கைவைக்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை விசாரியுங்கள்.

என் நாயே துரத்துகிறது. பழக்க முடியுமா?

குட்டியென்றால் நம்பிக்கை அதிகம். பிறந்த 3 முதல் 14 வாரம் வரை குட்டி எதைச் சாதாரணம் என்று பார்க்கிறதோ அது அப்படியே பதிந்துபோகும். வளர்ந்த நாயென்றால் கயிற்றில் கட்டி, கோழி தெரிந்தும் அது பதறாத தூரத்தில் நிறுத்துங்கள். கோழியை விட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தவுடன் தின்ன ஏதாவது கொடுங்கள். நாளுக்கு ஐந்து பத்து நிமிடம். பதறாமல் நிற்கப் பழகிய பிறகே ஓரடி நெருங்குங்கள். மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒருநாள் அவிழ்ந்து ஓடித் துரத்திவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நன்றாகப் பழகிய நாயையும் ஆளில்லாத நேரத்தில் கோழிகளோடு விடாதீர்கள். நான் விடுவதில்லை.

தப்பிய கோழிகள் முட்டையே இடுவதில்லை. நோயா?

அதிர்ச்சி. சில நாளிலிருந்து சில வாரம் வரை முட்டை நிற்கும். சில கோழிகள் இறகு உதிர்த்துப் புது இறகு முளைத்த பிறகே மறுபடி இடும். ஓடு இல்லாத தோல்முட்டை ஒன்றிரண்டு விழுவதும் உண்டு. தீவனத்தையும் இடத்தையும் இப்போது மாற்றாதீர்கள், புதுக் கோழியையும் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். பொழுது சாயும் முன்பே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் சில கோழிகளுக்கு அதற்குப் பின் நிரந்தரமாகவே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் தப்பிய கருப்புப் பெட்டை இன்னும் மாலை நாலரைக்கே உள்ளே போய்விடுகிறது.